ஆலாவுக்குக் கட்டிய வேலி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதுவது எனக்குச் சரிவராத வேலை. சாதாரண தரச் சோதனையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் திருத்தினவர்களைச் சிரிக்க வைத்ததுதான் மிச்சம். இந்தக் கதையை ஏற்கெனவே ஒருதரம் மூன்று வரியில் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். அது போன இடம் தெரியவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மன்னார் டவுனில் முடி வெட்டப் போனேன். சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் நான். பக்கத்தில் என் நண்பன். இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு வலை. முடி வெட்டுகிறவர் கலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இது நீங்களோ? நல்லாத்தான் சிரிக்கிறீங்கள்."

அந்தச் சிரிப்பைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கலண்டரை அடித்தது நான் வேலை செய்கிற நிறுவனம். நாடு முழுக்க வேலை செய்கிற தொண்டு நிறுவனம் அது. காடு, குளக்கரை, சேற்றுநிலம் என்று மிருகமும் பறவையும் பிழைக்கிற இடங்களைத் தேடிப் பிடித்து, நிலத்துக்காரரோடோ அரசாங்கத்தோடோ ஒப்பந்தம் எழுதி, அந்த இடத்தைக் குழப்பாமல் வைத்திருப்பதுதான் அவர்களின் வேலை. நல்ல வேலைதான். அதைப் பகிடி பண்ண மாட்டேன். மற்ற மாவட்டங்களில் அவர்களுக்கு யானை இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. மன்னாரில் பூநாரை இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் முழங்கை நீளக் கமராவோடு அதைப் பார்க்கத்தான் வருவார்கள்.

என்னை எடுத்தது என் படிப்பைப் பார்த்து இல்லை. மணலில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த, எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் வீட்டுக்கு வீடு ஆட்களைத் தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது. ஒரு ரீசேட், ஒரு தொப்பி, 'கள உதவியாளர்' என்று எழுதிக் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை. என் நண்பன் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"பறவையளுக்கு நீ இனி விதானையோ?" விதானை என்றால் எங்கள் பக்கத்துக் கிராம அலுவலர், குடும்ப அட்டை பதிகிறவர்.

"ஓம். குடும்ப அட்டை வேணுமெண்டால் சொல்லு, கொக்குக்குப் பக்கத்தில பதிஞ்சு விடுறன்."

அவன் கடலுக்குப் போகிறவன். பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். அவன் எட்டாம் வகுப்போடு வள்ளம் ஏறிவிட்டான். நான் அதற்குப் பிறகும் மூன்று வருசம் வகுப்பு வாங்கைத் தேய்த்தேன். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் நக்கலடிக்காமல் ஒரு கதையும் நடக்காது.

கதை பூநாரையைப் பற்றி இல்லை. ஆலாவைப் பற்றி. புறாவிலும் சின்ன வெள்ளைப் பறவை. கடலில் ஆலா எங்கே விழுந்து விழுந்து எழும்புகிறதோ அங்கே மீன் நிற்கிறது என்று வள்ளக்காரர் எல்லாருக்கும் தெரியும். அது எங்கே முட்டையிடுகிறது என்று மட்டும் யாரும் தேடியதில்லை. அது கூடு கட்டாது. வெறும் மணலில் நெஞ்சால் தேய்த்து ஒரு குழி, அதில் மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை. அவ்வளவுதான். வீட்டு வேலை செய்வதில் என்னைவிடச் சோம்பேறி.

மீன்பிடிக் குடிசைகளான வாடிகள் முடிகிற இடத்துக்கு அங்கால், கடலுக்குள் நாக்கு நீட்டினது போல ஒரு மணல்திட்டி இருக்கிறது. நண்பனின் பாதை அதற்குக் குறுக்கே போனது. விடிய வள்ளம் கரைக்கு வந்ததும் மீன் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி, திட்டியை வெட்டி ஓடினால், தார் றோட்டில் நிற்கும் ஐஸ் லொறியைப் பிடிக்கலாம். உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, அந்தப் பாதையில் அவனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளடா. பெட்டிக்குள்ள ஐஸ் கரையுது."

"முன் சில்லுக்குக் கீழ பார்."

"என்னத்தைப் பாக்கிறது? மண்."

குனிந்து விரலால் காட்டினேன். சில்லிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு முட்டை. அவன் இஞ்சினை நிற்பாட்டினான். பிறகு திரும்பித் தான் வந்த தடத்தைப் பார்த்தான்.

"இது ஆலான்ர முட்டையோ? இவ்வளவு காலமும் இதுக்கு மேலாலயோ நான் ஓடினனான்?"

"ஓம். மன்னாரிலயே பெரிய ஆலாக் கொலைகாரன் நீதான். உன்ர படத்தைப் போட்டு ஒரு போர்ட் அடிக்கப் போறம்."

"விசரா. இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"உள்ளால சுத்திப் போ."

"அங்கால புதையிற பூழி மண். பெட்டியோட இறங்கித் தள்ளவேணும். லொறி எனக்காக நிக்குமோ?"

"மூண்டு கிழமை மச்சான். அதுக்குள்ள கந்தோரால கம்பிவேலி வந்திடும். உனக்கு ஓரத்தால ஒரு பாதையும் விட்டுத் தருவம்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"அதுதான் பயமாக் கிடக்கு."

ஆனால் அடுத்த நாளிலிருந்து சுற்றித்தான் போனான். பூழி மண்ணில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, என்னையும் என் ஆலாவையும் ஆலாவின் பரம்பரையையும் திட்டிக்கொண்டு போனான். சில நாள் லொறி அவனை விட்டுவிட்டுப் போய்விடும். அந்த மீனெல்லாம் அவன் அம்மாவிடம் கருவாட்டுக்குப் போனது. அவரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மீனை வெட்டி உப்புப் போட்டபடி என்னைப் பார்க்கிற பார்வைக்கு, நான் அந்த வீட்டுப் பக்கம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போவேன்.

நான் சொன்ன கம்பிவேலியைக் கேட்டு டவுனிலுள்ள எங்கள் நிறுவனக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் மிஸ் ஒருவர். பாப்பாமோட்டையில் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, கம்பஸ் படித்தவர், என்னைவிட இரண்டு வயது கூட. மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்தபடி படிவத்தை நீட்டினார். நிரப்பினேன். ஒரு கிழமையால் கொழும்பிலிருந்து கேள்வி வந்தது: இடம் சரியாக எங்கே? போனில் புள்ளி வைத்து அனுப்பினேன். அடுத்த கிழமை இன்னொரு கேள்வி: நிலம் யாருடையது? அதற்கு என்ன பதில் சொல்வது? கடல் பெருகினால் கடலுடையது, வற்றினால் நண்பனுடைய மோட்டார் சைக்கிளுடையது.

"அப்பிடி எழுத ஏலாது தம்பி," என்றார் மிஸ்.

"அப்ப எப்பிடி எழுதுறது மிஸ்?"

"கரை ஒரு திணைக்களம், மணல் இன்னொண்டு, பறவை வேறொண்டு. மூண்டிலயும் கடிதம் வேணும். கடிதம் இல்லாம வேலி போட்டா எங்களிலதான் வழக்கு வரும்."

"ஆலாவிட்டச் சொல்லி வைக்கிறன் மிஸ், கடிதம் வரும் வரைக்கும் முட்டையைப் பொரிக்க விடாமல் வைச்சிருக்கச் சொல்லி."

அவர் சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டவர் போல முகத்தைத் தாழ்த்தி, "எனக்கு மேலயும் ஆக்கள் இருக்கினம்," என்றார்.

வேலி வரவில்லை. அதற்கு முன்னால் போர்ட் வந்தது. வேலிக்கு மூன்று கடிதம் கேட்டவர்கள் போர்ட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கால், என்னைவிட உயரம், மூன்று மொழியிலும் 'பறவைகளின் வாழிடம், உள்ளே செல்லாதீர்கள்' என்று எழுதி, நடுவில் பெரிய பூநாரைப் படம். திட்டியின் நடுவில் நடச் சொல்லிக் கட்டளை. நட்டேன். பின்னேரம் பார்க்கிறேன், போர்ட்டின் மேல் விளிம்பில் காகம் வரிசையாக இருக்கிறது. அவ்வளவு காலமும் அந்தத் திட்டியில் காகத்துக்கு ஏறி இருக்க ஒரு மரம் இல்லை. இப்போது நிறுவனச் செலவில் நல்ல உயரமான இருக்கை. அங்கே இருந்துகொண்டு முட்டை எங்கே எங்கே என்று ஆறுதலாகப் பார்க்கிறது. அடுத்த நாள் விடிய மூன்று குழி வெறுமை.

நான் முள்ளு வெட்டிக்கொண்டுபோய்ப் போர்ட்டின் தலையில் கட்டினேன். அதைப் பார்த்துவிட்டு நண்பன் சொன்னான்:

"வடிவாக் கிடக்கு. யேசுவுக்கு வைச்ச முடி மாதிரி."

எனக்குச் சிரிக்க வரவில்லை. காகத்தைத் துரத்தினால் நாய். நாயைத் துரத்தினால் கழுதை. மன்னார்க் கழுதைக்கு யார் சொல்லியும் ஏறாது, என்னைப் போல. நாள் முழுக்கத் திட்டியில் நின்று கல்லெறிந்து கை விட்டுப்போனது. நான் சொன்ன மூன்று கிழமை முடிகிற நேரமாகிவிட்டது. சில முட்டைகள் இன்றோ நாளையோ பொரிக்கிற பதம். என் பேச்சை நம்பிப் பாதையை விட்டவன் தினமும் மண்ணில் வண்டி தள்ளுகிறான். நான் கொடுத்த வாக்கில் மிஞ்சியிருந்தது ஒரு போர்ட்டும் முள்ளுக் கட்டும்தான்.

அந்த எரிச்சலோடு ஒரு மத்தியானம் நண்பனின் வீட்டுக்குப் போனேன். மாமி வெண்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தாழ்வுபாட்டில் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் வேலி ஒன்றுதான்: கதியால் தடிகளை நட்டுப் பழைய வலையைச் சுற்றிக் கட்டுவோம். கோழி வராமல், ஆடு வராமல், பிள்ளைகள் கிணற்றடிக்குப் போகாமல், எல்லாவற்றுக்கும் வலைதான். மாமியின் வெண்டியைச் சுற்றித் தங்கூசி வலை. முடி போல மெல்லிய நைலோன். தடை செய்த பிறகு கடலில் போடமுடியாமல் வீட்டுக்கு வீடு சுருட்டி வைத்திருக்கிற வலை. நண்பனின் வீட்டுப் பின்கோடிக்குள் அதில் இன்னும் இரண்டு சுருள் கிடந்தது.

நான் வலையைப் பார்த்தேன். நண்பன் என்னைப் பார்த்தான்.

"டேய், நீ நினைக்கிறதையே நானும் நினைக்கிறன்," என்றான்.

"கந்தோர் பேசுமே?"

"பேசட்டும். கம்பிவேலியோட வந்து பேசட்டும்."

மாமி தண்ணீர் வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்: "கொண்டு போங்கோடா. உங்கட ஆலா பொரிச்சாத்தான் எனக்கும் உப்புக் கையால விடுதலை."

ஒரே காலை வேலை. கதியால் நட்டோம், வலையை இழுத்துக் கட்டினோம், நாய் கீழால் நுழையாமல் வலையின் அடியை மணலுக்குள் புதைத்தோம். அவ்வளவு பதமாகப் புதைத்தோம். போனை ஒரு பெட்டியின் மேல் நிறுத்தி நாங்களே படமெடுத்தோம். நண்பன் என் தோளில் கை போட்டு நிற்கிறான். நான் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறேன். படத்தை மிஸ்ஸுக்கு அனுப்பினேன். உடனே பதில்: 'சூப்பர் தம்பி. மக்கள் பங்களிப்பு என்று போட்டு கொழும்புக்கு அனுப்புறன்.'

இரண்டு நாள் ஒரு நாயும் உள்ளே போகவில்லை. ஒரு கழுதை வந்து வலையில் மூக்கைத் தேய்த்துவிட்டுத் திரும்பியது. நான் திட்டிக்கு ராசா மாதிரி நடந்தேன்.

மூன்றாம் நாள் வெயில் ஏறின பிறகு நண்பன் போன் எடுத்தான். நக்கல் இல்லை. "வா," என்றான். "கத்தி கொண்டு வா."

தங்கூசி ஏன் மீன் பிடிக்கும்? தண்ணீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. அது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வெயில் ஏறும் நேரம் வெள்ளை மணலுக்கு முன்னாலும் அது தெரியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில் படவில்லை. விடிந்ததிலிருந்து ஆலா கடலுக்கும் முட்டைக்கும் போய் வந்திருக்கிறது. தாழ்வாக வந்தவை வலையில் விழுந்திருக்கின்றன. மூன்று தொங்கின. வெள்ளைச் செட்டை விரிந்தபடி, மீன் மாதிரியே, செவுளில் மாட்டினது போலக் கழுத்தில் மாட்டி.

நண்பன் முதலாவதை இடது கையால் ஏந்தி, தலையைப் பின்னுக்குத் தள்ளி, வலைக்கண்ணை நகத்தால் நழுவ விட்டான். ஒவ்வொரு நாளும் நூறு தரம் செய்கிற அதே கை. அது பறந்தது. இரண்டாவது அவன் கையிலேயே கிடந்தது, அசையவில்லை. மூன்றாவதுக்குச் செட்டை முறிந்திருந்தது. அதை நான் ரீசேட்டில் சுற்றினேன். அதுவும் மத்தியானம் தாண்டவில்லை.

அதைவிட மோசம் உள்ளே. குஞ்சுகள் பொரித்திருந்தன. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்தது மாதிரி இருக்கும். ஆலாக் குஞ்சு மற்றக் குஞ்சு போலக் குழிக்குள் கிடக்காது; வெயில் சுட்டதும் எழும்பி ஈர மணலைத் தேடி ஓடும். ஓடியிருக்கின்றன. நாங்கள் அவ்வளவு பதமாகப் புதைத்த வலையின் அடியில் வந்து நின்றிருக்கின்றன. சில தலையை மட்டும் வலைக்கண்ணுக்குள்ளால் விட்டிருந்தன. ஐந்து அடிக்கு அங்கால் தண்ணீர்.

வலையைக் கத்தியால் கீறிக் கிழித்தோம். கதியாலைப் பிடுங்கி எறிந்தோம். உயிரோடு இருந்த குஞ்சுகள் எங்களைப் பார்த்துப் பயந்து, ஈர மண்ணுக்கு ஓடி, மண்ணோடு மண்ணாகப் படுத்தன. நண்பன் கிழிந்த வலையைச் சுருட்டிக்கொண்டு நின்றான். அவன் என்னைத் திட்டுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை.

"மீன் கழட்டுற மாதிரித்தான் கழட்டினன்," என்றான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கும் சுற்றித்தான் போனான்.

மிஞ்சினதில் எத்தனை குஞ்சு பறந்தது என்று எனக்குத் தெரியாது. சோழகக் காற்று எழும்பி, ஆலாக்கள் திட்டியை விட்டுப் போகும் வரைக்கும் நான் அங்கேயே நின்று நாய் துரத்தினேன். அதற்குப் பிறகு நண்பன் பழைய பாதையிலேயே ஓடத் தொடங்கினான். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவான். விதானை என்று கூப்பிட மாட்டான். அவன் என்னை நக்கலடிக்காமல் விட்ட நாட்கள், சோதனையில் விழுந்த நாட்களைவிட மோசம். மாமிகூட என்னைப் பார்த்து முறைப்பதை விட்டுவிட்டார்.

கந்தோரில் போய் உள்ளதைச் சொன்னேன். மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்கட ஊரில வயலுக்கு முள்ளுக்கம்பிதான் தம்பி. வலையைப் பற்றி எனக்கும் விளங்கேல்ல."

"வலையைப் பற்றி எனக்கு விளங்கும் மிஸ். அதுதான் விசர் வருது."

படிவத்தில் எழுதச் சொன்னார். படிவத்தில் 'என்ன செய்தீர்கள்' என்றும் 'எத்தனை பேர் பங்குபற்றினார்கள்' என்றும் கட்டம் இருந்தது. 'என்ன பிழை விட்டீர்கள்' என்று ஒரு கட்டமும் இல்லை. கடைசியில் 'கற்ற பாடங்கள்' என்ற இடத்தில் மூன்று வரி எழுதினேன்: வலை தெரியவில்லை. ஆலா செத்தது. இனிமேல் வலை வேண்டாம்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. வாசித்துக் காட்டும்போது மிஸ்ஸின் காது சிவந்தது. படம் எல்லாருக்கும் நன்றாகப் பிடித்ததாம். கையிலிருக்கிற பழைய பொருளை வைத்து ஊராக்களே செய்த வேலி என்பதால், இதை மற்றக் கரையோர மாவட்டங்களிலும் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.

"மிஸ், அவை மூண்டு வரியை வாசிக்கேல்லையோ?"

"படத்தைத்தான் பாத்திருப்பினம்."

"அப்ப செத்த ஆலான்ர படத்தை அனுப்பியிருக்கவேணும்."

"எடுத்தனீங்களோ?"

எடுக்கவில்லை. அன்றைக்கு என் கையில் கத்தியும் ரீசேட்டில் சுற்றின ஆலாவும் இருந்தன. போன் எங்கே இருந்ததென்றே தெரியாது.

மிஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அவர் அன்றைக்கு எழும்பி வாசலுக்குப் போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தார். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினார். மெதுவாகப் பேசுகிற பிள்ளை. ஒரு கிழமை விடாமல் எடுத்தார். மற்ற மாவட்டங்களுக்கு வலை போகாமல் நின்றது. ஆனால் கலண்டர் அச்சுக்குப் போய்விட்டதாம். அதை நிற்பாட்ட முடியவில்லையாம். படத்துக்குக் கீழே 'பறவைகளைக் காக்கும் கரங்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.

கம்பிவேலியும் வந்தது. மூன்று கடிதமும் கிடைத்து, மாரி மழை பெய்து திட்டி முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது வந்தது. ஆறு சுருள். கந்தோர் பின்பக்கம் அடுக்கி வைத்திருக்கிறோம். மிஸ்ஸிடம் சொல்லிப் போர்ட்டையும் பிடுங்கி அதற்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறேன். அதிலும் காகம் இருக்கிறது.

சலூனிலிருந்து நேரே திட்டிக்குத்தான் போனேன். உயிர்த்த ஞாயிறு திரும்பவும் முடிந்திருந்தது. ஆலா வந்திருக்கிறது. குனிந்து குனிந்து பார்த்து நாலு குழி கண்டேன். கம்பியை இப்போது கொண்டு வந்து நடுவதா, நட்டால் அதிலும் என்ன பிழை வருமோ என்று நின்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தலை இடித்தது. நண்பனிடம் பாதையை இன்னொருதரம் கேட்கவேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? கலண்டரில் இருக்கிற முகத்தோடா?

கடைசியில் கரையில் இருந்துகொண்டே வட்ஸ்அப்பில் எழுதினேன்: 'மச்சான், ஆலா வந்திட்டுது. முட்டையும் கிடக்கு. போன முறை சொன்ன மாதிரி ஒண்டும் சொல்ல மாட்டன். கொஞ்ச நாளைக்குப் பாதையை விடுவியோ?'

அவன் வாசித்ததற்கு நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது. பிறகு வந்தது:

'நான் முந்தநாளிலயிருந்து சுத்தித்தான் போறன் விதானை, நீ வேலி கீலி எண்டு அந்தப் பக்கம் வராமல் இரு.'